வீணைக்குக் குளிருமா?

குளிர்காலம் வந்ததும் உங்கள் உதடு வெடிக்கும். கை சொரசொரப்பாகும். கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது ‘பட் பட்’ என்று பொறி பறக்கும். "க்ரீம் தடவினியா?" என்று அம்மா தினமும் கேட்பார். வீட்டு மூலையில் இருக்கும் வயலினுக்கும் வீணைக்கும் இதே தொல்லைதான். ஆனால் அவற்றால் வாய் திறந்து சொல்ல முடியாது. ஒரு நாள் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது, அது வராமல் இருக்க நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பாடம். நீங்கள் வயலின், வீணை, மிருதங்கம், புல்லாங்குழல், பள்ளிக்கூடத்து கிளாரினெட் எது வாசித்தாலும் இது உங்களுக்குத்தான். எதுவும் வாசிக்காவிட்டாலும் படியுங்கள். உங்கள் வீட்டு மர மேசைக்கும் இதே கதைதான்.

முதலில் தலைப்புக் கேள்வி. வீணைக்குக் குளிருமா? குளிராது. நீங்கள் ஜாக்கெட் போட்டால் ஏன் சூடாக இருக்கிறது? ஜாக்கெட் சூட்டைத் தருவதில்லை. உங்கள் உடம்பு சூட்டை உண்டாக்குகிறது, ஜாக்கெட் அதை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. மரத்துக்கு உடம்புச் சூடு கிடையாது. அதற்கு மூன்று கம்பளி போர்த்தினாலும் கொஞ்சம் மெதுவாகக் குளிரும், அவ்வளவுதான். மரத்துக்குக் குளிரைவிடப் பெரிய எதிரிகள் இரண்டு பேர். ஒன்று வறட்சி. இன்னொன்று திடீர் மாற்றம்.

அப்பளம் சொல்லும் அறிவியல்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்காலத்தில் பொரித்த அப்பளத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் நமுத்துப் போகும். காற்றில் இருக்கும் ஈரத்தை அப்பளம் உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது டொரொன்டோவில், ஜனவரியில், ஹீட்டர் ஓடும் வீட்டில் அதே அப்பளத்தை வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் மொறுமொறுப்பாகவே இருக்கும்! அப்பளம் பிடிக்கிறவர்களுக்கு இது நல்ல சேதி. மரத்துக்கு இல்லை.

வெளியே பனி கொட்டிக் கிடக்கிறதே, பனி என்றால் தண்ணீர்தானே, பிறகு எப்படி வறட்சி வரும்? நல்ல கேள்வி. நான் மென்பொருள் எழுதுகிறவள். எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். ஆகவே எண்ணாகவே சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காற்று. அந்தக் காற்று 20 டிகிரி சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்தான் தாங்கும். மைனஸ் 10 டிகிரியில்? வெறும் 2 கிராம். குளிர்ந்த காற்று சின்னப் பை மாதிரி. நிறைய ஈரத்தை வைத்துக்கொள்ள அதில் இடம் இல்லை.

இப்போது மைனஸ் 10 டிகிரி காற்று கதவு இடுக்கு வழியாக உங்கள் வீட்டுக்குள் வருகிறது. அதன் பை நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது 2 கிராம். ஹீட்டர் அதை 20 டிகிரிக்குச் சூடாக்குகிறது. பை பெரிதாகிவிட்டது! 17 கிராம் பிடிக்கும் பையில் இருப்பதோ அதே 2 கிராம். 2-ஐ 17-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். சுமார் 12 வரும். அதாவது 12 சதவீத ஈரப்பதம். நாம் சமைக்கிறோம், குளிக்கிறோம், மூச்சு விடுகிறோம். அதனால் வீட்டுக்குள் ஈரம் கொஞ்சம் கூடும். அப்படியும் ஒன்றும் செய்யாமல் விட்ட வீட்டில் 20, 25 என்றுதான் நிற்கும். இசைக்கருவிகளுக்கு 40 முதல் 60 வரை இருந்தால் நல்லது.

பாதி காலியான பை என்ன செய்யும்? கிடைத்த இடத்தில் இருந்தெல்லாம் தண்ணீரை இழுக்கும். உங்கள் உதட்டிலிருந்து இழுக்கும். தொட்டிச் செடியிலிருந்து இழுக்கும். வீணையிலிருந்தும் இழுக்கும்.

மரம் ஒரு கட்டு உறிஞ்சுகுழல்

மரத்தை வெட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் அது ஈரத்தைக் குடிப்பதையும் விடுவதையும் நிறுத்தாது. ஊரில் உங்கள் பாட்டி வீட்டுக் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும், கோடையில் லேசாகத் திறக்கும். கேட்டுப் பாருங்கள், அம்மம்மா சொல்லுவார். அந்தக் கதவுக்கு வயது நூறு இருந்தாலும் அப்படித்தான்.

மரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளநீளமான நார்கள் தெரியும். ஜூஸ் குடிக்கும் உறிஞ்சுகுழல்களை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது மாதிரி. ஈரம் போகும்போது ஒவ்வொரு குழலும் மெலிகிறது. ஆனால் அதன் நீளம் அநேகமாக மாறுவதே இல்லை. அதனால் ஒரு பலகை காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வம்பும் இங்கேதான் தொடங்குகிறது.

65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 100 கிராம் மரத்துக்கு 12 கிராம் தண்ணீர் உள்ளே இருக்கும். ஈரப்பதம் 20-க்கு இறங்கினால், சில வாரங்களில் அது 4 அல்லது 5 கிராம் ஆகிவிடும். வயலினின் மேல்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான இடத்தில் சுமார் 20 சென்டிமீட்டர். கனம் 3 மில்லிமீட்டர்தான். அந்தப் பலகை தனியாக இருந்தால் இந்த மாற்றத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சுருங்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்கிறீர்களா? ஆனால் பலகை தனியாக இல்லையே! சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. சுருங்கப் பார்க்கிறது, விட மாட்டேன் என்கிறது ஒட்டு. இரண்டு பேர் ஒரு துணியை இரண்டு பக்கமும் இழுப்பது போல. கடைசியில் எது கிழியும்? எது பலவீனமோ அது.

வயலின் செய்பவர்கள் இதை முந்நூறு ஆண்டுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். மேல்பலகையை ஒட்ட அவர்கள் விலங்குத் தோலில் இருந்து எடுத்த பசையைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் வேண்டுமென்றே கொஞ்சம் நீர்த்ததாக வைக்கிறார்கள். ஏன்? மரம் பிளப்பதைவிட ஒட்டு விட்டுப்போவது மேல். விட்ட ஒட்டை ஒரு நாளில் மறுபடி ஒட்டிவிடலாம். பிளந்த பலகையைப் பழையபடி ஆக்குவது பெரிய வேலை. உங்கள் வீட்டு மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் இருக்கிறதே, அது தான் போய் வீட்டைக் காப்பாற்றுகிறது. இந்தப் பசையும் அப்படித்தான். எனக்கு இதைப் படித்தபோது யாரோ ஒரு நல்ல பொறியாளரின் கையைப் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொரு வேடிக்கை. 1645-இல் இருந்து 1715 வரை ஐரோப்பாவில் குளிர் மிகவும் கடுமை. ஆல்ப்ஸ் மலையில் ஸ்ப்ரூஸ் மரங்கள் மெதுவாக வளர்ந்தன. வளையங்கள் நெருக்கநெருக்கமாக விழுந்தன. இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் இவ்வளவு நன்றாக ஒலிப்பதற்கு அந்தக் குளிர்தான் காரணம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியோ, நின்று வளர்ந்த மரத்துக்கு நண்பனாக இருந்த குளிர், வெட்டிச் செதுக்கிய மரத்துக்கு வேறு முகத்தைக் காட்டுகிறது.

பலா மரம் பனியைப் பார்த்ததில்லை

வயலின் ஐரோப்பாவில் பிறந்தது. சுமார் இருநூறு ஆண்டுக்கு முன்பு பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். ஆக, வயலினுக்குக் குளிர் நாடு தாய்வீடு. தஞ்சாவூர் வீணையின் கதை வேறு. அது பலா மரத்தில் குடைந்தது. ஒரே மரத்துண்டில் குடம், தண்டி எல்லாம் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து ஒட்டினால் ஒட்டு வீணை. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தப் பேரை அந்த ஊர்ப் பக்கம் செய்ததற்குத்தான் வைக்கலாம். அந்த மரம் வளர்ந்தது ஈரக் காற்றில். அதைச் செதுக்கியதும் ஈரக் காற்றில். அந்த வீணையை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஹீட்டர் ஓடும் அறையில் வைக்கிறோம். பலா மரம் என்ன செய்யும், பாவம்?

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய பாட்டி வாசித்த வீணை அது. கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்தது. நல்ல ஒலி. அறையில் அழகாக இருக்கும் இடம் பார்த்து ஜன்னல் ஓரத்தில் வைத்தார்கள். அந்த இடத்தில் தரையில் ஹீட்டர் காற்று வரும் துவாரம் இருந்தது. கோடையில் யார் அதைக் கவனிப்பார்கள்? ஜனவரியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் குடத்தின் மேல்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தந்தியை மீட்டினால் ‘ங்ர்ர்’ என்று ஒரு அதிர்வு. இரண்டு மெட்டும் ஆடின.

ஊரில் வயலின் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் வீணையை அதுவரை தொட்டதே இல்லையாம். ஆனால் மரத்தைத் தெரிந்தவர். "இப்ப ஒட்டாதீங்க. முதல்ல மரம் தண்ணி குடிக்கட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். அறையின் ஈரப்பதத்தை மெல்ல மெல்ல 45-க்குக் கொண்டுவந்தார்கள். சில வாரத்தில் வெடிப்பு பாதி தானாகவே மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் அவர் பசை போட்டார். வாய் பிளந்து நிற்கும்போதே ஒட்டியிருந்தால், மரம் மறுபடி விரியும்போது பக்கத்தில் வேறு இடத்தில் பிளந்திருக்கும்.

மெட்டுகள்தான் மிச்சம். வீணையில் 24 பித்தளை மெட்டுகள். அவை நிற்பது கறுப்பு மெழுகில். தேன்மெழுகில் கரி கலந்து செய்வது. வெயிலில் இளகும், குளிரில் இறுகி உடையும். அந்த மெட்டுகளை ஒவ்வொன்றாக, சுருதி பார்த்து, மெழுகில் பதிப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அதற்குக் காதும் கையும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். வயலின் பழுது பார்ப்பவர் நம் ஊர்களில் கிடைப்பார். மேளம் கட்டத் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். அந்த வீணை அடுத்த கோடை வரை காத்திருந்தது. அதற்குள் அக்காவின் பரீட்சை போய்விட்டது.

பாட்டி விரல் பட்ட வீணை என்றால் கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது, இல்லையா? நான் இவ்வளவு நீளமாகச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் இடம். ஹீட்டர் துவாரம், ரேடியேட்டர், கணப்பு, வெயில் விழும் ஜன்னல், இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், அந்தச் சுவர் ராத்திரியில் சில்லிடும். வீட்டின் நடுப்பக்கம் உள்ள சுவர் நல்லது. வாசித்து முடித்ததும் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். பெட்டிக்குள் மாற்றம் மெதுவாக நடக்கும். ஒரு ஈரப்பதமானி வாங்கச் சொல்லுங்கள். அறையில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அது காட்டும். பெரிய விலை இல்லை.

அந்த மானி உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? நாம் சோதிக்கலாம், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சின்ன மூடியில் ஒரு கரண்டி சமையல் உப்பு போடுங்கள். அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈரமணல் மாதிரி ஆக வேண்டும். மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடுங்கள். உப்பு மானியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் பையைத் திறக்காமல் மானியைப் படியுங்கள். ஈர உப்பு, மூடிய பைக்குள் காற்றை எப்போதும் 75 சதவீதத்தில் நிறுத்தும். உங்கள் மானி 70 என்று காட்டினால் அது 5 குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம். இனி அதன் பேச்சோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

அறையில் ஈரம் குறைவாக இருந்தால் ஈரமூட்டி வைக்கலாம். தண்ணீரைக் காற்றில் சேர்க்கும் கருவி அது. ஆனால் அளவோடு! வெளியே மைனஸ் 20 இருக்கும்போது வீட்டுக்குள் 50 வைத்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், பிறகு சுவரில் பூஞ்சை பிடிக்கும். அப்பா கோபப்படுவார், அதுவும் நியாயம். அந்த நாட்களில் 35, 40 இருந்தால் போதும். முழு வீட்டுக்கும் முடியாது என்றால் வயலினுக்குள்ளே வைக்கும் ஈரக் குழாய் இருக்கிறது. ரப்பர் குழாய்க்குள் பஞ்சு. தண்ணீரில் முக்கி, நன்றாகப் பிழிந்து, வெளிப்பக்கம் துணியால் துடைத்து, மேல்பலகையில் இருக்கும் ‘எஃப்’ வடிவத் துளை வழியாக உள்ளே விட வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் நன்மையைவிடத் தீமைதான். அதனால் சின்னப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களோடு சேர்ந்து செய்யுங்க.

வெளியே போகும்போது? காரின் பின்பெட்டியில் வைக்காதீங்க. உங்களோடு இருக்கையில் வரட்டும். "அஞ்சு நிமிஷம் கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று காரிலேயே விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம், அந்த அஞ்சு நிமிஷம் எப்போதும் அரை மணி ஆகும்!

உள்ளே வந்ததும் உடனே பெட்டியைத் திறக்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். கண்ணாடி போட்டவர்கள் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆகிறது? கண்ணாடி மங்கிவிடுகிறது. சூடான காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் தண்ணீராகப் படிகிறது. சில்லென்ற வயலின் மேலும் அதேதான் நடக்கும். மேல்பூச்சு வேகமாகச் சூடாகி, உள்மரம் குளிராகவே இருந்தால் பூச்சில் மெல்லிய கீறல்கள் விழலாம். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம், மிகவும் குளிராக இருந்தால் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் வாய்ப்பாட்டுப் பாடிப் பழகலாமே.

குளிர்காலத்தில் வயலினின் முறுக்காணிகள் நழுவும். ஆணியும் சுருங்குகிறது, அது நுழையும் துளையும் வடிவம் மாறுகிறது. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் நாலு தந்தியும் தொளதொளவென்று கிடக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் வேகமாக முறுக்கவும் வேண்டாம், தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. தந்திகள் எல்லாம் தளர்ந்தால் அது விழுந்துவிடலாம். உள்ளே ‘கடகட’ என்று சத்தம் கேட்டால் தந்தியை ஏற்றாமல் அப்படியே ஆசிரியரிடம் கொண்டுபோங்க. வில்லை மட்டும் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் தளர்த்த வேண்டும். வில்லில் இருப்பது குதிரை முடி. வறட்சியில் அது குட்டையாகும். இறுக்கமாகவே விட்டால் வில்லின் நுனியே ஒடியலாம்.

மிருதங்கக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்கள் கட்டையும் பலா, மேலே தோல். வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். பிப்ரவரியில் சுருதி ஏன் அடங்கவில்லை என்று வாரோடு சண்டை போடுவதற்கு முன்னால் மானியைப் பாருங்கள். உறை போட்டு வையுங்கள். தொப்பியில் ரவை ஒட்டி வாசித்தால், முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

ஊதும் கருவிகளில் ஆபத்து உள்ளிருந்து வருகிறது. உங்கள் மூச்சு சூடு, ஈரம். குளிர்ந்த கிளாரினெட்டில் ஊதினால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, பிளந்துவிடும். ஊதுவதற்கு முன்னால் கையால் பொத்திச் சூடாக்குங்கள். பள்ளியில் தரும் கிளாரினெட் பல நேரம் பிளாஸ்டிக்தான், அதற்கு இந்தக் கவலை இல்லை. மூங்கில் புல்லாங்குழல் நீளவாக்கில் கீறல் விடும். அதனால்தான் பலர் அதன்மேல் நூல் சுற்றி வைக்கிறார்கள்.

வெடிப்பு தெரிந்தால் வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பசையைத் தடவாதீங்க. எண்ணெயும் தேய்க்காதீங்க. எண்ணெய் இறங்கிய மரத்தில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பக்கத்தில் சின்னதாகக் காகிதத்தை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு படம். வெடிப்பு வளர்கிறதா, நிற்கிறதா என்று பழுது பார்ப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மே மாதம் காற்றில் ஈரம் திரும்பி வரும். முறுக்காணிகள் இறுகும். மிருதங்கம் சுருதி இறங்கும். அப்போது ஈரக் குழாயை வெளியே எடுத்து, பஞ்சை நன்றாகக் காயவைத்து, அடுத்த நவம்பர் வரை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பெட்டிக்குள்ளேயே மறந்துவிட்டால் பூஞ்சை வாசனை வரும்.